வெண்கோலுடன் நடக்கக் கற்றல்: முதல் பிடியிலிருந்து சாலையைக் கடப்பது வரை

வெண்கோல் நமக்குச் சொல்வது ஒரே ஓர் அடிக்கான செய்தி. அடுத்த அடியை வைக்கப்போகும் இடத்தில் தரை இருக்கிறதா, மேடோ பள்ளமோ பொருளோ இருக்கிறதா என்பதைக் கால் போய்ச் சேருமுன் அது தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடுகிறது. கோலின் நீளம், பிடிக்கும் முறை, வீசும் அகலம், காலோடு சேரும் தாளம் ஆகிய எல்லாமே இந்த ஓர் அடியைக் காப்பதற்காக வகுக்கப்பட்டவை. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், பயிற்றுநர் ஏன் மணிக்கட்டைத் திருத்திக்கொண்டே இருக்கிறார் என்பது முதல் வாரத்திலேயே விளங்கிவிடும்.

க்ளாக்கோமா என்னும் கண் நீரழுத்த நோயால் நடுத்தர வயதில் என் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கியது. கோல் கையில் இருந்தும் மூன்று ஆண்டுகள் அதை அலமாரியில் வைத்திருந்தேன். இருபது ஆண்டுகள் நடந்து பழகிய தெருவில், மூடி எடுக்கப்பட்ட வடிகாலுக்குள் ஒரு மாலை விழுந்து கணுக்கால் முறிந்த பிறகே அதை வெளியே எடுத்தேன். அந்த மூன்று ஆண்டுகளை நீங்கள் இழக்கக்கூடாது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் பெரும்பாலோர் இதை ‘ஸ்டிக்’ என்கிறார்கள். அரசு அறிவிப்புகளில் ‘மடக்குக் குச்சி’ என்று வரும். இலங்கையில் ‘வெள்ளைப் பிரம்பு’ என்பது வழக்கு. இங்கே வெண்கோல் அல்லது கோல் என்றே குறிப்பிடுகிறேன்.

எப்போது தொடங்குவது

பார்வை முழுவதும் போன பிறகுதான் கோல் என்ற எண்ணம் தவறானது. க்ளாக்கோமாவும், விழித்திரை நிறமிச் சிதைவு நோயும் பெரும்பாலும் பக்கப் பார்வையையே முதலில் பறிக்கின்றன. நேர் எதிரே இருக்கும் பெயர்ப்பலகையைப் படிக்க முடியும், ஆனால் காலடியில் படுத்திருக்கும் நாய் தெரியாது. நிறமிச் சிதைவு உள்ளவர்களுக்கு இருட்டத் தொடங்கியதும் தெருவே மறைந்துவிடும். இத்தகையவர்கள் பகலில் கோலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மாலையில் மட்டும் விரித்துக்கொள்ளலாம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. படியை அடிக்கடித் தவறவிடுவது, அறிமுகமில்லாத இடத்தில் நடை தானாகவே மெதுவாவது, இருட்டிய பின் வெளியே போவதைத் தவிர்ப்பது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலே பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். மீதிப் பார்வை இருக்கும்போது கற்பவருக்கு, கோல் சொல்வதைக் கண்ணால் சரிபார்த்துக்கொள்ளும் வாய்ப்பும் கிடைக்கிறது. பயிற்றுநர்கள் சில பாடங்களில் கண்ணைக் கட்டி நடக்கச் சொல்வார்கள். மங்கலான பார்வையை நம்புவதை விடுத்துக் கையையும் காதையும் நம்பப் பழகுவதற்கான ஏற்பாடு அது. பயிற்றுநர் உடனில்லாமல் அதை ஒருபோதும் செய்யக்கூடாது.

இந்தப் பயிற்சிக்கு இடமறிதலும் நடமாட்டமும் என்று பெயர். டேராடூனில் உள்ள தேசியப் பார்வை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டு நிறுவனத்தின் வட்டார மையம் சென்னையை அடுத்த பூந்தமல்லியில் உள்ளது. உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பயிற்சி பற்றியும், இலவசமாக வழங்கப்படும் ஒளிரும் மடக்குக் குச்சி பற்றியும் விசாரிக்கலாம். அடையாள அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நான் இங்கே எழுதுவது பயிற்றுநருக்கு மாற்று ஆகாது. சாலையைக் கடக்கும் பாடத்தை எழுத்திலிருந்து மட்டும் யாரும் கற்றுவிடக் கூடாது என்பதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

கோலைத் தேர்ந்தெடுத்தல்

நேராக நின்று கோலை உடலோடு ஒட்டிச் செங்குத்தாகப் பிடித்தால், அதன் உச்சி நெஞ்செலும்பின் கீழ் நுனியை எட்ட வேண்டும் என்பது பரவலான அளவு. 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு ஏறத்தாழ 120 செ.மீ. கோல் பொருந்தும். வேகமாக நடப்பவருக்கும் எட்டி அடி வைப்பவருக்கும் இன்னும் சற்று நீளம் தேவை. அமெரிக்காவின் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பினர் தாடை உயரத்துக்கும் மேற்பட்ட கோல்களையே விரும்பிக் கற்பிக்கிறார்கள். குட்டையான கோலே பெருந்தீங்கு. கோல் குட்டையாக இருந்தால் முனை தடையைத் தொடும் நேரத்தில் கால் ஏற்கெனவே கிளம்பியிருக்கும், நிற்க இடமிராது, உடலும் தானாக முன்னே குனிந்து முதுகு வலிக்கும். இலவசமாகக் கிடைக்கும் கோல் உங்கள் உயரத்துக்குப் போதாவிட்டால், கிடைத்ததே போதும் என்று இராமல் வேறு அளவு கேட்டு வாங்குங்கள்.

நீளத்தின் அருமையை உலகம் தாமதமாகவே உணர்ந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பார்வையிழந்த ஜேம்ஸ் பிக்ஸ், வாகன ஓட்டிகளின் கண்ணில் படுவதற்காகத் தம் கைத்தடிக்கு 1921-இல் வெள்ளை பூசினார். அப்போது அது மற்றவர்களுக்கான அறிவிப்பாக மட்டுமே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்து அமெரிக்காவின் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனைக்கு வந்த வீரர்களுக்காக, ரிச்சர்ட் ஹூவர் 1944 முதல் நீண்ட, எடை குறைந்த கோலையும் அதை இடம்வலமாக வீசி நடக்கும் முறையையும் வகுத்தார். அதன் பிறகே கோல் தரையை அறியும் கருவியானது. இன்று நாம் கற்பது பெரிதும் அவர் வகுத்த முறையைத்தான்.

மடக்குக் கோல் நான்கு அல்லது ஐந்து துண்டுகளால் ஆனது; உள்ளே ஓடும் மீள்கயிறு அவற்றை இழுத்துப் பிடித்திருக்கும். பேருந்தில் பயணம் செய்பவருக்கு இதுவே வசதி. மடங்காத கோல் அதிர்வை இன்னும் தெளிவாகக் கைக்குக் கடத்தும். அலுமினியம் உறுதியானது, கண்ணாடியிழையும் கரியிழையும் இலேசானவை. முனையைப் பொறுத்தவரை என் கருத்து திட்டவட்டமானது. பென்சில் போன்ற மெல்லிய முனை மழமழப்பான தளங்களுக்கு ஏற்றது. நம் ஊர் நடைபாதையின் கல் இடுக்குகளில் அது சிக்கிக்கொண்டே இருக்கும். உருளும் முனையோ, பருத்து உருண்டையான முனையோ நம் தெருக்களுக்குப் பொருந்தும். முழங்கால் வலிக்கு ஊன்றும் கைத்தடியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அவ்வாறே, வெண்கோலில் உடல் எடையைச் சாய்க்கவும் கூடாது.

கோல் எடுக்குமுன்

முதல் சில நாள்கள் வீட்டுக்குள் வெறுங்கையோடு பழக வேண்டும். ஒரு கையை நெற்றிக்கு முன்னே, உள்ளங்கை வெளிப்புறமாக இருக்கும்படி, ஒரு சாண் தள்ளி வளைத்துப் பிடித்தால் திறந்த அலமாரிக் கதவும் பாதி திறந்த ஜன்னலும் முகத்தில் இடிக்காமல் கையில் படும். மற்றொரு கையின் புறப்பகுதியால் சுவரை இலேசாக உரசியபடி நடப்பது அறையிலிருந்து அறைக்குப் போக உதவும். விரல்நுனியால் உரசினால் கதவிடுக்கில் நகம் மாட்டும். ஆகவே விரல்களைச் சற்று மடக்கிக்கொள்ளுங்கள். நெற்றிக்கு முன்னே கையை வைக்கும் பாதுகாப்பைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். கோல் இடுப்புக்குக் கீழே இருப்பதைத்தான் கண்டுபிடிக்கும். முகத்துக்கு நேரே வருவதற்கு உங்கள் கைதான் காவல்.

பிடியும் வீச்சும் தாளமும்

ஒருவரோடு கைகுலுக்குவதைப் போலக் கையை நீட்டுங்கள். கோலின் கைப்பிடி உள்ளங்கையில் குறுக்காக அமர, ஆள்காட்டி விரல் அதன் தட்டையான பக்கத்தில் நேராகக் கீழ்நோக்கி நீண்டிருக்கட்டும். கட்டைவிரல் மேலே, மற்ற மூன்று விரல்கள் கீழே தளர்வாகத் தாங்கட்டும். இறுக்கிப் பிடித்தால் அதிர்வு கையை எட்டாது. தார், சிமெண்ட், மண், ஜல்லி, இரும்பு மூடி ஒவ்வொன்றும் நீண்டிருக்கும் அந்த ஆள்காட்டி விரலுக்குத்தான் வெவ்வேறாகப் பேசுகிறது.

கையை உடலின் நடுவில், தொப்புளுக்கு நேராக, ஒரு சாண் முன்னே வையுங்கள். தொடங்குபவர்கள் எல்லோரும் செய்யும் பிழை, கையை இடுப்பின் ஓரத்துக்கு நழுவவிடுவது. வலக்கை வலப்பக்கம் நழுவினால் கோலின் வீச்சு வலப்புறம் அதிகமாகி இடத் தோள் காவலின்றி நிற்கும். நடையும் மெல்ல ஒரு பக்கமாகச் சாயும். கை நடுவில் அசையாமல் இருக்க, மணிக்கட்டு மட்டும் இடவலமாகத் திரும்ப வேண்டும். முழங்கையையோ தோளையோ ஆட்டினால் பத்து நிமிடத்தில் களைப்பு வரும். முனை இருபுறமும் தோளைவிட ஏறக்குறைய 5 செ.மீ. கூடுதலாகச் செல்லட்டும். அதற்கு மேல் அகலமாக வீசினால் முனை மறுபக்கம் திரும்பி வர நேரமாகும்; இடையில் ஒரு பள்ளம் தப்பிவிடும். முனை தரையிலிருந்து 2 அல்லது 3 செ.மீ.க்கு மேல் எழக்கூடாது.

இனித் தாளம். இடக்கால் முன்னே போகும்போது கோலின் முனை வலப்பக்கம் தரையைத் தொட வேண்டும். வலக்கால் முன்னே போகும்போது இடப்பக்கம். அதாவது எந்தக் கால் அடுத்து எழப்போகிறதோ, அந்தக் கால் வந்து ஊன்றவிருக்கும் இடத்தைக் கோல் அப்போதே பார்த்து முடித்திருக்கிறது. முதலில் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்கிக் கோலை எதிர்ப்பக்கம் தட்டிப் பழகுங்கள். பிறகு மொட்டை மாடியிலோ பள்ளி மைதானத்திலோ இருபது அடி தூரம் நடந்து பாருங்கள். தாளம் தவறினால் ஓடிப்பிடிக்க முயல வேண்டாம். நின்று மீண்டும் தொடங்குங்கள். தினமும் அரை மணி நேரம் பழகிய எனக்குத் தாளத்தை எண்ணாமல் நடக்க ஆறு வாரம் ஆயிற்று. அதன் பிறகு அது மூச்சைப் போலத் தானாக நிகழத் தொடங்கியது.

தட்டி நடப்பது போலவே, முனையைத் தரையிலிருந்து எடுக்காமல் உருட்டிக்கொண்டே வீசும் முறையும் உண்டு. நடைமேடை, நடைபாதை விளிம்பு, அறிமுகமில்லாத கட்டடம் ஆகிய இடங்களில் இதுவே பாதுகாப்பானது. தரை சற்றே இறங்கினாலும் முனை விழுவதை உடனே உணரலாம். தட்டும் முறைக்கும் தனிப் பயன் உண்டு. அதன் ஒலி சுவரில் பட்டுத் திரும்புவதைக் கேட்டுச் சந்து எங்கே திறக்கிறது என்று நாளடைவில் அறியலாம். நெரிசலில் கோலைப் பேனாவைப் போல விரல்களுக்கிடையே பிடித்து, செங்குத்தாக்கி, காலுக்கு அருகே சிறிதாக ஆட்டிக்கொள்ள வேண்டும். அப்போது எச்சரிக்கைத் தூரம் குறைகிறது என்பதால் நடையும் அதே அளவு குறைய வேண்டும்.

கோல் சொன்னதும் நிற்பது

நல்ல வீச்சு கைவந்த பிறகும் பலர் இடித்துக்கொள்வதற்குக் காரணம், கோல் தொட்ட பிறகும் கால் பழக்கத்தால் ஒரு அடி எடுத்து வைப்பதே. வீட்டார் ஒருவரை உங்கள் பாதையில் எங்கே வேண்டுமானாலும் ஒரு நாற்காலியை வைக்கச் சொல்லி நடந்து பாருங்கள். முனை பட்டவுடன் பின்னங்கால் எழாமல் நிற்க வேண்டும். நின்ற பிறகு, பட்ட பொருளைக் கோலாலேயே மேலும் கீழும் பக்கமும் தடவி அறியுங்கள். இரும்பு, மரம், சுவர், சாக்கு மூட்டை, உறங்கும் நாய் ஒவ்வொன்றும் வேறு வேறாக ஒலிக்கும், வேறு வேறாகத் திருப்பித் தள்ளும். எந்தப் பக்கம் இடம் இருக்கிறது என்று கண்ட பிறகே விலகுங்கள். இந்த நாற்காலிப் பயிற்சியில் பிழை இல்லாமல் ஒரு வாரம் கழியும்வரை தெருவுக்குப் போக வேண்டாம் என்பது என் அறிவுரை.

படிகள்

ஏறும்போது முதல் படியில் முனை இடித்தவுடன் நின்று, படியின் அகலத்தையும் உயரத்தையும் கோலால் அளந்துகொள்ளுங்கள். பிறகு கோலைப் பேனாப் பிடியில் செங்குத்தாக்கிக் கையை முன்னே நீட்டி, அடுத்த படிக்கும் அடுத்த படியின் முகப்பில் முனை தட்டும்படி வைத்துக்கொண்டு ஏறுங்கள். ஒவ்வொரு அடிக்கும் முனை ஒரு முறை தட்டும். தட்டாமல் வெறும் காற்றில் போனால் இன்னும் ஒரே படிதான் மிச்சம்.

இறங்குவதுதான் ஆபத்து. முனை விளிம்பில் விழுந்ததும் இரு கால்களையும் விளிம்பு வரை கொண்டுவந்து நின்று, மறுகையால் கைப்பிடியைப் பற்றுங்கள். கோலைச் சாய்வாக முன்னே நீட்டி, முனை கீழ்ப்படிகளின் விளிம்புக்குச் சற்று மேலே மிதக்கும்படி பிடித்தபடி இறங்க வேண்டும். முனை தரையில் பட்டுச் சறுக்கினால் ஓரிரு படிகளே உள்ளன என்று பொருள். கால் சமதளத்தை உறுதி செய்யும்வரை கைப்பிடியை விடக்கூடாது. நம் ஊர்ப் படிகள் ஒரே உயரத்தில் இருப்பதில்லை, கடைசிப் படி பெரும்பாலும் குட்டையாகவோ நெட்டையாகவோ இருக்கும் என்பதை எப்போதும் எதிர்பாருங்கள்.

தெருவில்

முதல் பாதையாக நீங்கள் நன்கு அறிந்த ஒரு குறுகிய வழியைத் தேர்ந்தெடுங்கள். வீட்டிலிருந்து தெருமுனைக் கடை வரை போதும். முதலில் பார்வையுள்ள ஒருவரின் முழங்கைக்கு மேலே பிடித்து, அவருக்கு அரை அடி பின்னால் நடந்து வழியைக் கேட்டறியுங்கள். பிறகு அதையே மனத்தில் ஒரு கோடாக வரைந்துகொள்ளுங்கள். அக்கோட்டில் மாறாத அடையாளங்களும் மாறும் குறிப்புகளும் இருக்கும். மின்கம்பம், கோயில் சுவரின் முடிவு, தரை சிமெண்டிலிருந்து மண்ணாக மாறும் இடம் ஆகியவை மாறா. மாவு மில்லின் ஓசை, தேநீர்க் கடையின் பாய்லர் வாசம், சந்து திறக்கும் இடத்தில் கன்னத்தில் படும் காற்று, காலையில் எந்தக் கன்னத்தில் வெயில் படுகிறது என்பது ஆகியவை உதவும். ஆனால் கடை விடுமுறை நாளில் அவை இராது. நம்பிக்கையை முதல் வகையின் மீது வைத்து, இரண்டாவதைத் துணையாகக் கொள்ளுங்கள்.

நேராக நடப்பது கடினமாக இருந்தால், சுவரின் அடியையோ நடைபாதையின் ஓரக்கல்லையோ ஒவ்வொரு வீச்சிலும் ஒரு பக்கம் தொட்டுக்கொண்டே செல்லலாம். நடைபாதையே இல்லாத சாலையில் வலப்பக்கமாக நடப்பது நல்லது. அந்தப் பக்கத்து வாகனங்கள் எதிரே வரும், ஓட்டுநர்களும் வெள்ளைக் கோலை முன்கூட்டியே காண்பார்கள்.

கோலுக்குத் தெரியாதவற்றைத் தனியே எண்ணிப் பழகுங்கள். லாரியின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள், தாழ்ந்த மரக்கிளை, கடைமுன் தொங்கும் தகரக் கூரை, மின்கம்பத்தின் சாய்ந்த இழுகம்பி, மாடிப்படியின் அடிப்பாகம் ஆகியவற்றுக்கு அடியில் கோல் தடையின்றி நுழைந்துவிடும். இத்தகைய இடங்களில் மறுகை நெற்றிக்கு முன்னே எழ வேண்டும். டெல்லி ஐ.ஐ.டி.யில் உருவான ஸ்மார்ட்கேன் என்ற கருவி கோலின் கைப்பிடியில் பொருந்தி, மீயொலி மூலம் முழங்காலுக்கு மேலுள்ள தடைகளை உணர்ந்து அதிர்வாகச் சொல்கிறது. பயனுள்ளதுதான், ஆனால் பள்ளத்தை முனைதான் சொல்ல வேண்டும். ஆகையால் வெறுங்கோலில் தேர்ந்த பிறகே அதை நாடுங்கள்.

மழை நாளில் குடையின் மீது விழும் ஓசை மற்ற ஒலிகளை மறைத்துவிடும், தேங்கிய நீரும் வடிகாலின் வாயை மறைத்துவிடும். தண்ணீர் தேங்கிய தெருவில் தனியே போகாதீர்கள். சர்க்கரை நோயால் பார்வை குறைந்தவர்களுக்கு உள்ளங்காலின் உணர்ச்சியும் குறைந்திருக்கலாம். அவர்கள் எந்நேரமும் விரல்களை மூடும் காலணி அணிந்தே பழக வேண்டும்.

சாலையைக் கடத்தல்

ஓரக்கல்லை முனையால் தொட்டு, இரு பாதங்களும் அதற்குச் செங்குத்தாக இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். பாதம் சிறிது கோணினாலும் மறுகரையில் பல அடி விலகிப் போவீர்கள். உங்களுக்கு இணையாக ஓடும் வாகனங்களின் ஒலி எது, குறுக்கே ஓடுவது எது என்று பிரித்துக் கேளுங்கள். சிக்னல் உள்ள இடத்தில், இணையாகச் செல்லும் வாகனங்கள் புறப்படும் ஒலியே கடப்பதற்கான தொடக்கம். ஆயினும் நம் நகரங்களில் சிக்னலை மீறும் இருசக்கர வாகனங்களும் ஓசையில்லாத மின்சார ஸ்கூட்டர்களும் உள்ளதால், ஒலியை மட்டும் நம்பிப் பெருஞ்சாலையைத் தனியே கடப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோலைத் தெளிவாகத் தெரியும்படி முன்னே நீட்டி நின்று, “சாலையைக் கடக்க உதவுங்கள்” என்று உரக்கக் கேளுங்கள். உதவ வருபவர் உங்கள் கோலையோ மணிக்கட்டையோ பிடித்து இழுத்தால், “உங்கள் முழங்கையை நான் பிடித்துக்கொள்கிறேன், ஐயா” என்று சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். அவர் கை பற்றிய பிறகும் கோல் தரையிலேயே இருக்கட்டும்.

பேருந்திலிருந்து இறங்குமுன் கோலை முதலில் சாலையில் ஊன்றி ஒரு கணம் நில்லுங்கள். பேருந்துக்கும் ஓரத்துக்கும் இடையே பைக் நுழையும் இடம் அது. ரயில் நிலையத்தில் முனையை உருட்டியே நடங்கள். மஞ்சள் ஓடுகள் பதித்த நடைமேடையில் நீள்வரிகள் வழியைக் காட்டும், குமிழ்கள் நிற்கச் சொல்லும். ஜப்பானின் செய்இச்சி மியாக்கே 1965-இல் உருவாக்கிய ஓடுகள் இவை. ரயில் ஏறும்போது ஒரு பெரும் ஆபத்தை மறவாதீர்கள். இரு பெட்டிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடமும் திறந்த கதவைப் போலவே கோலுக்குத் தோன்றும். முனை உள்ளே தளத்தைத் தொட்ட பிறகே, கைப்பிடிக் கம்பியைக் கை கண்ட பிறகே, காலைத் தூக்க வேண்டும்.

வீட்டாருக்கு

பாசத்தினால் நீங்கள் செய்யும் இரண்டு செயல்கள் பயிற்சியைக் கெடுக்கின்றன. ஒன்று, ஒவ்வொரு தடைக்கும் முன்பே “பார்த்து, பார்த்து” என்று கூவுவது. கோல் தடையைத் தொடுவது விபத்து அன்று. அது தன் வேலையைச் செய்கிறது. மற்றொன்று, சாமான்களை இடம் மாற்றிவிட்டுச் சொல்லாமல் இருப்பது. கதவுகள் முழுதாகத் திறந்தோ முழுதாக மூடியோ இருக்கட்டும். உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது “அங்கே குச்சி வேண்டாமே” என்று சொல்லாதீர்கள். நான் மூன்று ஆண்டுகள் கோலை ஒளித்து வைத்ததற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணமாக இருந்தது.

கோலைப் பேணுதல் எளிது. வீடு திரும்பியதும் ஈரத் துணியால் துடையுங்கள். வாரம் ஒரு முறை முனையை விரலால் தடவி, ஒரு பக்கம் தேய்ந்து சரிந்திருந்தால் மாற்றுங்கள். இணைப்புகள் ஆடத் தொடங்கினால் மீள்கயிறு தளர்ந்துவிட்டது என்று பொருள். ஒளிரும் பட்டை அழுக்கேறினால் இரவில் வாகன ஓட்டிகளுக்குத் தெரியாது. அதை மட்டும் பார்வையுள்ள ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாற்று முனை ஒன்றும், முடிந்தால் மாற்றுக் கோல் ஒன்றும் வாசலுக்கு அருகே, கை போனவுடன் கிடைக்கும் இடத்தில் இருக்கட்டும்.